ஜாம்பி வந்தால் அருங்காட்சியகத்தில் ஒளியலாமா?

அரும்பொருள்களைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் என் தொழில். அதோடு சேர்த்து ஊழியர்களுக்குப் பேரிடர் பயிற்சியும் கொடுக்கிறேன். புயல், வெள்ளம் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். "தானே புயலையே பார்த்தாச்சு சார்" என்பார்கள். அதனால் புதுச்சேரியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் கட்டட வரைபடத்தை மேசையில் விரித்து வேறு மாதிரி ஆரம்பித்தேன். "சினிமாவில் வருமே, ஆளைக் கடிக்கிற நடைபிணம், அந்த ஜாம்பிகள் பீச் ரோட்டில் வந்துவிட்டன. உள்ளே நீங்கள் 30 பேர். மூன்று நாளைக்கு உதவி வராது. என்ன செய்வீர்கள்?"

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2011 மே மாதம் ஜாம்பியை வைத்துப் பேரிடர் தயார்நிலையைப் பற்றி எழுதியது. ஜாம்பிக்குத் தயாரானவர் புயலுக்கும் தயார் என்பதுதான் கணக்கு.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: "வாள் இருக்கே சார்!" பார்க்கத்தான் அது வாள். துரு தின்று உளுத்துப்போன இரும்பு. ஓங்கி வீசினால் பிடி கையில் இருக்கும், அலகு தரையில் கிடக்கும்.

அடுத்து, பாடம் பண்ணிய சிறுத்தையைக் கதவுக்கு அண்டை கொடுக்கலாம் என்றார் ஒரு தம்பி. இந்த இடத்தில்தான் நான் விளையாட்டை நிறுத்தினேன். பூச்சி அரிக்காமல் இருக்க, பழைய காலத்தில் விலங்குத் தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசினார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் பாஷாணம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கூர் என்ற மருந்தாளர் உருவாக்கிய முறை அது. 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. கனிம நஞ்சு என்பதால் காலம் போனாலும் வீரியம் போகாது. தையல் விட்ட இடத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் விளக்குமாற்றைக் கொண்டு தட்டாதீர்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். அந்த அறையில் டிபன் பாக்ஸைத் திறக்கவே வேண்டாம். இதைச் சொன்னதும், வாராவாரம் அந்தச் சிறுத்தையைத் துணியால் துடைக்கும் அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இத்தனை வருடமாக யாரும் சொல்லவில்லை.

கண்ணாடி ஜாடிகளில் ஊறும் பாம்பும் மீனும் அப்படித்தான். சிலதில் ஃபார்மலின், அது கண்ணையும் மூச்சையும் எரிக்கும். சிலதில் ஸ்பிரிட், அது தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தியோடு அந்தப் பக்கம் போகக் கூடாது.

சரி, தண்ணீர்? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது நிவாரணப் பணிகளில் உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. 30 பேருக்கு 450 லிட்டர். மாடியில் இருப்பது 1000 லிட்டர் டேங்க். மூன்றாம் நாள் காலையிலேயே கையை விரித்துவிடும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு இங்கேயும் கடலூரிலும் கரண்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பழங்கால மதுச்சாடிகளில் பிடித்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த சாடித் துண்டுகள் ஐயா!

கடிபட்டவரை என்ன செய்வது என்றும் கேள்வி வந்தது. வெண்கலக் கூடத்தில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றது ஒரு குரல். முற்றத்தில் படுத்திருக்கும் தெருநாயைக் காட்டினேன். நிஜத்தில் கடிக்கப்போவது அதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அப்புறம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

கடைசியில் எல்லோரும் மாடிக்கு ஏறிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். சுவர் தடிமனாக இருந்தால் கோட்டை என்று நினைத்துவிடுகிறோம். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் நீர் இறங்கினால், சுவருக்குள் இருக்கும் சட்டத்தின் முனை முதலில் மக்கும். வெளியே தெரியாது. கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. முப்பது பேரை மாடியில் ஏற்றுமுன் ஒரு பொறியாளர் பார்த்திருக்க வேண்டும்.

"மாடிக் கதவுச் சாவி யாரிடம்?" என்றேன். ஆபீஸில் என்றார்கள். ஆபீஸ் சாவி? அதை வைத்திருப்பவர் அன்று லீவு. வீடு வில்லியனூரில். மாற்றுச் சாவி? அது ஆபீஸ் மேசை டிராயரில், பூட்டிய அறைக்குள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் சிரித்தார். "ஜாம்பி எதுக்கு சார், போன மழைக்கே நான் ராத்திரி பூரா வாசல்லதான் நின்னேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பூட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.