ட்ராமா: புண்ணா, வடுவா?

"காசா குழந்தைகளுக்கு டிராமா" என்று ஒரு செய்தித் தலைப்பு வந்தால் நம்மில் பலர் அதை நாடகம் என்றுதான் முதலில் படிப்போம். தமிழில் ட என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் t, d என்ற இரண்டு ஒலிகளையும் சுமக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் காத தூரம் விலகி நிற்கும் trauma (மனசில் பட்ட காயம்), drama (நாடகம்) என்ற இரண்டு சொற்கள் இங்கே ஒரே ஆள் போல வந்து நிற்கின்றன. வேறுபாடு தெரியட்டும் என்று சிலர் ட்ராமா என்றும் சிலர் ட்ரோமா என்றும் எழுதுகிறார்கள். படிப்பவர் வாயில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. அதைவிடச் சங்கடம், நம் பேச்சில் "டிராமா போடாதே" என்றால் நடிக்காதே என்று பொருள். இரவெல்லாம் தூங்காமல் விழித்துக் கிடக்கும் ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் நிலையைச் சொல்ல, நடிப்பைக் குறிக்கும் ஒலியுள்ள சொல்லைக் கடன் வாங்குவது என்ன நியாயம்?

சரி, சொல்லின் ஊருக்குப் போவோம். கிரேக்க மொழியில் 'த்ராவ்மா' என்றால் காயம். வாள் வெட்டு, ஈட்டிக் குத்து, அவ்வளவுதான். மனசுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில மருத்துவத்துக்குள் வந்தபோதும் அது உடல் காயத்தையே குறித்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் 'ட்ராமா கேர்' என்று பலகை தொங்குகிறதே, அங்கே விபத்தில் அடிபட்டவர்களைத்தான் கொண்டுபோகிறார்கள். அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை.

உடம்பிலிருந்து மனசுக்கு இந்தச் சொல் ஏறியது ரயிலில். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் விபத்துகளில் தப்பியவர்கள் சிலர், மேலுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல், தூக்கமின்றி நடுங்கிக்கொண்டு மருத்துவர்களிடம் வந்தார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866-இல் முதுகுத்தண்டில் அடிபட்டதே காரணம் என்றார். 'ரயில் முதுகு' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1889-இல் பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஒப்பன்ஹைம் அதை 'ட்ராமா' சார்ந்த நரம்புக் கோளாறு என்று எழுதினார். அடுத்தது முதல் உலகப் போர். பதுங்கு குழிகளிலிருந்து வந்த சிப்பாய்களின் நடுக்கத்துக்கு 1915-இல் 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் ஏறியது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நெடும் போராட்டத்துக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்) என்ற நோய்ப்பெயர் இடம்பிடித்தது.

இந்த வம்சாவளியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ரயில் பயணி, சிப்பாய், மறுபடி சிப்பாய். ஏதோ ஓர் இடத்துக்குப் போய், அடிபட்டு, வீடு திரும்பியவர்கள். பி.டி.எஸ்.டி.யின் முதல் எழுத்தான 'போஸ்ட்'டுக்குப் 'பிந்தைய' என்று பொருள். திரும்பி வந்தவருக்குத்தானே 'பின்' என்று ஒன்று இருக்கும்? ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பதே அந்தக் கையேட்டில் 2013-இல்தான் ஏறியது.

பாலஸ்தீன சுகாதார அமைச்சகத்தின் மனநலப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் சமா ஜப்ர் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுதான்: எங்களுக்குப் 'பிந்தைய' எங்கே இருக்கிறது? காசாவில் 2008-இல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையாக ஒரு போர். நான்கு வயதில், 2012-இல், இன்னொன்று. 2014-இல் ஐம்பது நாள் போர். 2021-இல் பதினோரு நாள். 2023 அக்டோபரில் தொடங்கியது எல்லாவற்றையும் விழுங்கியது. 2025 ஜூலை முடிவதற்குள் கொல்லப்பட்ட குழந்தைகள் 18,000-க்கும் மேல் என்கிறது காசா சுகாதார அமைச்சகக் கணக்கு. போர்களுக்கு நடுவே அமைதி இருந்ததா என்றால், வானத்தில் 'ஸன்னானா' இருந்தது. ட்ரோனுக்குக் காசா மக்கள் வைத்த பெயர் அது, ரீங்காரமிடுவது என்று பொருள். குண்டு விழாத நாளிலும் அது காதில் இருக்கும்.

2023-க்கு முன்பே ஐந்து லட்சம் காசா குழந்தைகளுக்கு மனநல உதவி தேவை என்று யுனிசெஃப் சொல்லிவந்தது. 2024 பிப்ரவரியில், அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும், அதாவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தேவை என்றது. எல்லோருக்கும் இருக்கும்போது அதை நோய் என்பதா, ஊரின் நிலைமை என்பதா?

எல்லைக்கு அந்தப் பக்கம் செட்ரோத் என்ற இஸ்ரேலிய ஊர். காசாவிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். 2001-இலிருந்து அங்கே ராக்கெட்டுகள் விழுகின்றன. எச்சரிக்கை ஒலித்தால் பதுங்க உள்ள நேரம் 15 விநாடி. பஸ் நிறுத்தமே கான்கிரீட் அறை. விளையாட்டுத் திடலில் கம்பளிப்புழு வடிவில் வண்ணம் பூசிய குழாய்கள் உண்டு. பிள்ளைகள் ஏறி விளையாடலாம், ஒலி கேட்டால் அதற்குள்ளேயே ஒளியலாம். அந்த எச்சரிக்கை முதலில் 'ஷகர் அதோம்' என்று ஒலித்தது, 'சிவப்பு விடியல்' என்று பொருள். ஷகர் பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. அந்தப் பெயருள்ள ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முறையிட்டதால் 2007-இல் அதை 'த்ஸெவா அதோம்', சிவப்பு நிறம், என்று மாற்றினார்கள். ஊரே தன் பெயரைக் கேட்டு ஓடி ஒளிந்தால் ஒரு குழந்தை என்ன செய்யும்? சொல் விளக்கம் எழுத வந்த எனக்கு இந்த ஒரு சம்பவத்தைத் தாண்டிப் போக மனமில்லை.

இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துச் சமம் என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் அறை ஒரு பக்கம்தான் இருக்கிறது, இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படியாக இல்லை. ஆனால் நான் தேடும் சொல் இரண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் பொருந்தியாக வேண்டும். 'பிந்தைய' என்ற சொல் அப்படியே பொருந்துகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் கடத்திச் சென்றவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உண்டு. நவம்பர் இறுதியில் விடுவிக்கப்பட்டபோது அவர்களில் சிலர் கிசுகிசுத்தே பேசினார்கள். சத்தம் போடக் கூடாது என்று பழக்கப்படுத்தியிருந்தார்கள். அவர்கள் ஓர் இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வந்தவர்கள். குரல்தான் உடனே திரும்பவில்லை.

அந்த இரண்டு மொழிகளிலும் இதற்கு என்ன சொல்கிறார்கள்? அரபியில் 'ஸத்மா', அதாவது மோதல், இடி. எபிரேயத்தில் 'ட்ராவ்மா' என்று கடனாகவும் வழங்குகிறது, 'ஹெலெம்' என்ற சொந்தச் சொல்லும் உண்டு. ஹெலெம் சுத்தியலால் அடிப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்கம் புண்ணைப் பார்த்தது, இந்த இரண்டு மொழிகளும் அடியைப் பார்த்தன. ராக்கெட் விழுந்த செய்திகளில் காயமடைந்தோர் கணக்கோடு 'நிஃப்கயே ஹரதா', அதாவது ஹரதாவால் பாதிக்கப்பட்டவர்கள், என்றொரு கணக்கையும் இஸ்ரேலில் சொல்வார்கள். ஹரதாவுக்கு இன்று பதற்றம் என்று பொருள். பழைய எபிரேயத்தில் நடுக்கம்.

நடுக்கம் என்றதும் பாலஸ்தீனத்தின் 'தாஸத் அர்ரஜ்ஃபா' நினைவுக்கு வருகிறது. நேர்ப்பொருள் நடுக்கக் கிண்ணம். குர்ஆன் வசனங்கள் பொறித்த உலோகக் கிண்ணம் அது. பயந்துபோன குழந்தைக்கு அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள். தவ்ஃபிக் கனஆன் என்ற பாலஸ்தீன மருத்துவர் இத்தகைய கிண்ணங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவர் சேர்த்த தாயத்துகள் இன்று பிர்சைத் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு" என்று தர்காவுக்குத் தூக்கிப்போய் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுக்கும் நம்மூர்த் தாய்மாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி தமிழ்ச் சொல். நாளிதழ்களில் அதிகம் புழங்குவது 'அதிர்ச்சி', கொஞ்சம் கூட்டினால் 'பேரதிர்ச்சி'. தங்கம் விலை ஏறினாலும் அதிர்ச்சி, நடிகர் விவாகரத்து என்றாலும் அதிர்ச்சி. இந்தச் சொல் தேய்ந்து போய்விட்டது. அதோடு, அதிர்ச்சி ஒரு நொடியில் வந்து போவது. ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடப்பதை அது சொல்லாது.

ஈழத்து உளநல எழுத்துகளில் 'மனவடு' என்ற சொல் வேரூன்றிவிட்டது. போரின் நடுவே தமிழிலேயே சிகிச்சை பார்த்தவர்கள் புழங்கிய சொல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அழகான சொல்லும்கூட. எனக்கு அதில் ஒரே ஒரு தயக்கம். "தீயினால் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினால் சுட்ட வடு" என்ற 129-ஆம் குறளை நினைத்துப் பாருங்கள். புண் ஆறக்கூடியது. வடு, புண் மூடிய பிறகும் மறையாமல் நிற்பது. வடு என்று சொன்ன உடனேயே சம்பவம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறோம். 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்த பிறகும் காசாவில் சாவு நிற்கவில்லை. மேலும் மேலும் கீறப்படுகிற இடத்தில் வடு எப்படி உண்டாகும்? அங்கே இருப்பது புண்தான்.

அதனால் என் கணக்கு இது. பொதுவாக ட்ராமாவுக்கு 'உளக்காயம்'. கிரேக்க மூலத்துக்கும் அதுவே நெருக்கம். 'மனக்காயம்' என்றாலும் குற்றமில்லை, ஆனால் யாரோ சுடுசொல் சொன்னதால் வந்த வருத்தத்துக்கும் அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆபத்து நீங்கிய பிறகும் நிற்பதற்கு 'மனவடு', கிசுகிசுத்துப் பேசிய பிள்ளைகளுக்கு அது பொருந்தும். ஆபத்து நீங்காத இடத்துக்குத் 'தொடர் உளக்காயம்'. நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவில், 1980-களில், உளவியலாளர்கள் இதே தேவைக்காக ஒரு சொற்றொடரை உருவாக்கினார்கள். ஸ்ட்ரெஸ் என்பதற்கு ஈழத்தார் சொல்லும் 'நெருக்கீடு' வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

இதெல்லாம் கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆகும். ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதும்போது கலைச்சொல்லே வேண்டாம் என்பேன். படுக்கையை நனைக்கிறது, கதவு அறைந்து சாத்தினால் மேசைக்கடியில் ஓடுகிறது, அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்கிறது என்று எழுதலாம். இல்லையென்றால் நம் வீட்டுச் சொல் இருக்கவே இருக்கிறது: பிள்ளை மிரண்டு போயிருக்கிறது.