அபிரு: எபிரேயரா, ஏதிலியா?

நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில், எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸ் காலத்துப் பாப்பிரஸ் சுவடி ஒன்று இருக்கிறது. எண் 348. அதில் ஓர் உத்தரவு: படைவீரர்களுக்கும், பெரிய வாயில் கோபுரத்துக்குக் கல் இழுக்கும் அபிருக்களுக்கும் தானியம் கொடு. படித்ததும், இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைப்பட்டு வெளியேறிய கதையைச் சொல்லும் பைபிளின் யாத்திராகமம் நினைவுக்கு வரும். பார்வோனுக்கு, அதாவது எகிப்திய அரசனுக்கு, பட்டணம் கட்டிய எபிரேயர் (அந்த இஸ்ரவேலர்) இவர்கள்தானே? பெயரும் ஒத்துப்போகிறதே!

இங்கே தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு சொல்லிலும் நாம் எழுதுவது ஒரே 'பி'. எகிப்திய எழுத்திலும், சிரியாவின் பழைய நகரான உகரித்தின் எழுத்திலும் அபிருவுக்கு வருவதோ 'பல்' என்பதன் ஒலி. எபிரேயர் என்பதற்கு மூலமான 'இப்ரி'யில் இருப்பது 'அன்பு' என்பதன் ஒலி. அந்த வேருக்குக் கடந்துபோதல் என்று பொருள். முதல் மெய்யும் கடைசி மெய்யும் சரி, நடுவில்தான் உதைக்கிறது.

மெசப்பொத்தேமியாவின் பழைய மொழியான அக்காதியத்தின் ஆப்பெழுத்தும் நம்மைப் போலவே இந்த ஒலிகளைச் சரியாகப் பிரிக்காது. அதில் இச்சொல் 'ஹபிரு'. 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகளில், ஹபிருக்கள் நாட்டைச் சூறையாடுவதாக எருசலேம் தலைவன் அப்தி-ஹெபா பார்வோனிடம் புலம்புகிறான். அதைப் படித்த பலர், பைபிளில் கானான் நாட்டைப் பிடிக்கும் யோசுவாவின் படையே கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அப்புறம் வேறு ஊர்ப் பலகைகளும் கிடைக்கக் கிடைக்க அந்த உற்சாகம் வடிந்தது. சிரியா, மெசப்பொத்தேமியா, அனத்தோலியா என்று எங்கும் ஹபிருக்கள். அவர்களின் ஆட்பெயர்களோ பல மொழிகளைச் சேர்ந்தவை. மெசப்பொத்தேமிய நகரான நுசியில் பிழைக்க வழியின்றித் தாங்களாகவே ஒரு வீட்டுக்கு அடிமைப்படுகிறார்கள். வேறிடங்களில் கூலிப்படை, கொள்ளைக்காரர். நாட்டைவிட்டு ஓடிய இத்ரிமி ஏழாண்டு ஹபிருக்களோடு இருந்து, பிறகு அலலாக் என்ற நகரின் அரசனானான்; அவன் சிலையிலேயே இது பொறித்திருக்கிறது. ஆக, இனத்தின் பெயர் என்பதைவிட ஒரு நிலைமையின் பெயர்.

சரி, எகிப்தில் செமித்திய அடிமைகளே இல்லையா? தாராளமாக இருந்தார்கள். புரூக்ளின் பாப்பிரஸ் என்ற எகிப்தியச் சுவடியில் ஒரு வீட்டு ஊழியர் பட்டியலில் 40க்கும் மேற்பட்ட ஆசியர்கள். யாத்திராகமத்தில் வரும் மருத்துவச்சி சிப்பிராளின் பெயரை ஒத்த பெயரும் அதில் உண்டு. எகிப்திய அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் வெளிநாட்டுக் கைதிகள் செங்கல் அறுக்கிறார்கள். 'இஸ்ரயேல்' என்ற பெயர் கி.மு. 1208 வாக்கில் மெர்னெப்தா என்ற பார்வோனின் கல்வெட்டில் வருகிறது, அதுவும் கானான் பக்கம் தோற்ற மக்களாக. ஓர் இனமே அடிமைப்பட்டு வெளியேறியதாக எந்த எகிப்திய ஆவணமும் சொல்லவில்லை. நைல் டெல்டாவின் ஈரமண்ணில் பாப்பிரஸ் தங்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் மக்கிப்போன சுவடி யாருக்கும் சாட்சி சொல்லாது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'எபிரேயர்' என்றால் வழக்கு முடியும் முன்பே தீர்ப்பு. 'நாடோடி' என்றால் அலைவதே வாழ்க்கையானவர். 'அகதி' நெருங்கி வருகிறது, ஆனால் கொள்ளையடிக்கும் கூலிப்படையை அப்படி அழைக்க நா வராது. எனக்குப் பிடித்தது 'ஏதிலி'. ஈழத்தமிழில் அகதிக்கு வழங்கும் சொல். குறளில் 'ஏதிலார்' என்றால் உறவற்ற அயலார். ஊரைவிட்டவரின் நிலையும் அவரை அந்நியராகப் பார்க்கும் ஊரின் கண்ணும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. லைடன் சுவடியை இப்படிப் பெயர்க்கலாம்: கல் இழுக்கும் ஏதிலிகளுக்குத் தானியம் கொடு.