பொறிக்கு நேரம் குறிப்பது

பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்து தீர்வதில்லை. தீ பரவி அழுத்தம் உச்சத்துக்கு ஏற ஏறத்தாழ 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்க், நிமிடத்துக்கு 800 சுற்றில் சுமார் 10 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் 36 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி போல இறங்கும்போது உச்ச அழுத்தம் கிடைத்தால்தான் நல்ல இழுவை வரும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுகிறது. வேகம் கூடினால் இன்னும் முன்பே விழ வேண்டும்.

பழைய கார்களில் இந்தக் கணக்கைப் போடுவது, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே இருக்கும் எடைகள் வேகத்துக்கேற்ப விரிந்து பொறியை முன்னே தள்ளும். பக்கவாட்டில், எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் வேக்குவம் டப்பா, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மேலும் முன்னே இழுக்கும். அப்போது சிலிண்டரில் கலவை குறைவாக இருப்பதால் மெதுவாகத்தான் எரியும். நாம் கையால் வைப்பது தொடக்க டைமிங் மட்டுமே. பல வண்டிகளில் அது உச்சிக்கு முன் 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள்.

டைமிங்கைத் தொடுமுன் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு; அது திறக்கும்போதுதான் பொறி விழும்) இடைவெளியைச் சரிசெய்யுங்கள். இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் பெரும்பாலும் 0.4 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய டைமிங் தானாகப் பிந்திப்போவது இதனால்தான்.

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு அணைத்து, கிராங்க் புல்லியில் உள்ள குறியைத் துடைத்துச் சுண்ணக்கட்டியால் வெள்ளையடியுங்கள். ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் டைமிங் லைட்டின் இரு வயர்களை பேட்டரியிலும் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் வயரிலும் மாட்டுங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கையேடு சொல்லும் சுற்றிலேயே இருக்க வேண்டும். கூடுதலாக ஓடினால் எடைகள் விரியத் தொடங்கி, குறி பொய் சொல்லும். ஓடும்போது ஒளியைப் பாய்ச்சினால் குறி நின்றுபோனதுபோல் தெரியும். அந்த ஒளியில் மின்விசிறியும் நின்றதுபோலத் தெரியலாம். கையோ சட்டை நுனியோ அந்தப் பக்கம் போகக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடி போல்ட்டைச் சிறிது தளர்த்தி, குறி கையேட்டில் சொன்ன டிகிரிக்கு நேராக வரும்வரை அதன் உடலை மெல்லத் திருப்புங்கள். உள்ளே சுழலும் ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 1 டிகிரி அங்கே 2 டிகிரி. முந்தியதும் ஐடிலிங் ஏறினால் அதைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். போல்ட்டை இறுக்கிய பின்பும் பாருங்கள்; இறுக்கும்போதே நகர்ந்துவிடுவது சாதாரணம்.

வேலை இதோடு முடியவில்லை. வேகத்தை 3000 சுற்றுவரை மெல்ல ஏற்றுங்கள். குறி சீராக முன்னே நகர வேண்டும். நகரவே இல்லையென்றால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். சட்டென்று தாவினால் எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஐடிலிங்கில் குறி இங்குமங்கும் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். எவ்வளவு திருப்பினாலும் அது சரியாகாது. வேக்குவம் டப்பாவைச் சோதிக்க, குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தாலே போதும்: உள்ளே பாயிண்ட் தட்டு திரும்பி அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டப்பாவின் உள்ளே உள்ள சவ்வு (டயாஃபிரம்) கிழிந்திருக்கிறது.

எல்லாம் சரியாக வைத்தும் வண்டி முரண்டு பிடித்தால் குறியையே சந்தேகியுங்கள். சில புல்லிகளில் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும். ரப்பர் நைந்தால் வளையம் நழுவி, குறி இடம் மாறிவிடும். முதல் பிளக்கைக் கழற்றி பிஸ்டனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடித்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

பொறி அதிகம் முந்தினால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'டிக் டிக்' என்று தட்டும், சூட்டில் ஸ்டார்ட் செய்யும்போது எதிர்த்து உதைக்கும். தட்டும் சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். பிந்தினால் சத்தமே இருக்காது: இழுவை குறைந்து, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகி, சைலன்சர் பக்கம் கொதிக்கும். சத்தமில்லாததால், சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் என்று நினைத்துப் பலர் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்.