பின்னால் போகும் பொத்தானுக்கு எவ்வளவு ஞாபகம் வேண்டும்?

இன்னொருவர் எழுதிய புரோகிராமைப் படிப்பதில் பாதி வேலை தேடல்தான். ‘டிஸ்கவுண்ட்’ என்று தேடினால் 40 இடங்கள் வருகின்றன. ஏழாவதைத் திறக்கிறோம். அங்கிருந்து இன்னொரு ஃபங்ஷனுக்கு (புரோகிராமின் ஒரு தனிப் பகுதிக்கு) தாவுகிறோம், அதில் ‘கூப்பன்’ கண்ணில் பட, அதையும் தேடுகிறோம். இப்படி நாலு தாவல் தாவிய பிறகு, முதலில் பார்த்த அந்த ஏழாவது இடத்துக்குத் திரும்பவேண்டும். புரோகிராமை எழுதவும் படிக்கவும் உதவும் மென்பொருளான எடிட்டர் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

பிரவுசரில் இது எளிது. வந்த பக்கங்களுக்கு ஒரு அடுக்கு, பின்வாங்கிய பக்கங்களுக்கு இன்னொரு அடுக்கு. ‘பேக்’ அழுத்தினால் இருக்கும் பக்கம் இரண்டாவது அடுக்குக்குப் போகும். புதிய இணைப்பைத் தட்டினால் அந்த இரண்டாவது அடுக்கு காலி. பக்கம் என்பது அங்கே தெளிவான ஒரு பொருள். எடிட்டரில் அப்படியில்லை. கர்சர் ஒவ்வொரு விசைக்கும் நகர்கிறது. அத்தனையையும் பதிவு செய்தால் ‘பேக்’ ஒவ்வொரு எழுத்தாகத்தான் பின்னால் நகரும்.

எந்த நகர்வைப் பதிவு செய்வது என்பதில் எடிட்டர்கள் வெவ்வேறு வழியில் போகின்றன. விம் என்ற எடிட்டர், பயனர் கொடுத்த கட்டளையைப் பார்க்கிறது. மேலே கீழே ஒரு வரி போவது கணக்கில் வராது. தேடல், கோப்பின் கடைசிக்குப் போவது, ஜோடி அடைப்புக்குறிக்குத் தாவுவது எல்லாம் வரும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் 100 பதிவுகள் வரை வைத்துக்கொள்கிறது. ஒரே வரி இரண்டு தடவை வந்தால் பழையதை நீக்கிவிடுகிறது. விஎஸ் கோட் என்ற இன்னொரு எடிட்டர் தூரத்தையும் பார்க்கிறது: ஒரே கோப்புக்குள் கர்சர் சும்மா நகரும்போது 10 வரிக்குள் இருந்தால் அதைப் புது இடமாக எண்ணுவதில்லை. மவுஸால் அங்கங்கே கிளிக் செய்பவர்களுக்கு இது வசதி. ஆனாலும் விம்மின் முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பயனர் ‘போகிறேன்’ என்று சொன்னது அந்தக் கட்டளையில்தானே.

வரி எண்ணை மட்டும் குறித்துவைத்தாலும் போதாது. 300-வது வரியைக் குறித்துவிட்டு அதற்கு மேலே 20 வரி சேர்த்தால், பார்த்த இடம் இப்போது 320. அதனால் விம், வரிகள் கூடக்குறைய குறிகளையும் நகர்த்துகிறது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் ‘மார்க்கர்’ எனப்படும் இடக்குறிகள் உரையோடு ஒட்டிக்கொண்டே நகரும்.

மூன்று படி பின்வாங்கி, அங்கிருந்து புதிதாக வேறெங்கோ தாவினால்? பிரவுசர் முன்னால் போகும் பாதையை அழித்துவிடும். விம் வழக்கமாக அழிப்பதில்லை. புதுப் பதிவைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறது. எதுவும் தொலையாது, ஆனால் நடந்துவந்த வரிசை குழம்பிவிடும். பிரவுசர் மாதிரியே வேண்டுமென்பவர்களுக்காக ‘ஜம்ப்ஆப்ஷன்ஸ்’ அமைப்பில் ‘ஸ்டாக்’ என்ற தேர்வு பிறகு வந்தது.

இதெல்லாம் கர்சரின் வரலாறு. தேடலின் வரலாறு வேறு, பல எடிட்டர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ‘கூப்பன்’ தேடியதும் பக்கப் பலகையில் இருந்த 40 ‘டிஸ்கவுண்ட்’ முடிவுகள் போய்விடும். ‘பேக்’ அழுத்தினால் கர்சர் திரும்பும், பட்டியல் திரும்பாது. தேடல் பெட்டியில் மேல் அம்பு அழுத்திப் பழைய சொல்லை எடுக்கலாம்தான். ஆனால் ஏழாவதில் நின்றோம் என்பது அதற்குத் தெரியாது. விம்மில் தேடல் முடிவுகளைப் பட்டியலாக வைக்கும் ‘க்விக்ஃபிக்ஸ்’ இதில் முந்திக்கொண்டது. வழக்கமாகக் கடைசி 10 பட்டியல்களை முழுசாக வைத்திருக்கும், எந்த முடிவில் நின்றோம் என்பதோடு. ‘சி-ஓல்டர்’ என்ற கட்டளை பழைய பட்டியலுக்கும் ‘சி-நியூவர்’ புதியதற்கும் கொண்டுபோகும்.

பழைய முடிவுகளை அப்படியே சேமிப்பதா, சொல்லை வைத்து மறுபடி தேடுவதா? சேமித்தவை காலாவதியாகியிருக்கலாம். மறுபடி தேடினால், இடையில் யாரோ ஒரு கோப்பைச் சேர்த்திருந்தால், ஏழாவது எட்டாவதாகியிருக்கும். ரிப்க்ரெப் போன்ற வேகமான தேடல் கருவிகள் இருக்கும்போது மறுதேடலுக்கு அதிக நேரமாகாது. எனவே தேடிய சொல், தேர்ந்தெடுத்த முடிவின் கோப்பு, அந்த வரியின் உரை, இந்த மூன்றையும் குறித்துவைத்து, மறுபடி தேடிப் பொருந்தும் வரியில் நிறுத்துவதே நல்ல வடிவமைப்பு. வரிசை எண்ணை நம்பவேண்டாம்.

விசைகளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. விம்மில் பின்னால் போக கண்ட்ரோல்-ஓ, முன்னால் வர கண்ட்ரோல்-ஐ. கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் டெர்மினலில் கண்ட்ரோல்-ஐ அனுப்புவதும் டேப் விசை அனுப்புவதும் வழக்கமாக ஒரே குறியீடு, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 9. டேப் விசைக்கு வேறு வேலை கொடுத்தவர்களுக்கு, பின்னால் போகும் வழி மட்டும் மிஞ்சும்.