பெயிண்டுக்கு அடியில் நடப்பதை யார் பார்ப்பது? பாதுகாப்புப் பூச்சும் சென்சார்களும்

கடலோரத் துறைமேடை ஒன்றில் குழாய்த்தொடரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, குழாயைத் தாங்கும் கிளாம்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவில் சிறு கொப்புளம் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. மேல்பூச்சின் நிறம் மங்கவில்லை, விரிசலும் இல்லை. கத்தி முனையால் கீறியவுடன் நான்கைந்து துளி நீர் வழிந்தது. அதற்கடியில் கறுத்துக் கிடந்த ஈரப்படிவு, காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் செம்பழுப்பாக மாறியது. அதைச் சுரண்டியபோது கத்தி இரும்புக்குள்ளேயே குழிந்து இறங்கியது. முந்தைய ஆண்டு அதே இடத்துக்கு ‘பூச்சு நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். அன்று நான் கவனக்குறைவாகப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்த்தேன் என்பதுதான் குறை.

இரும்பின் மீது அடிக்கப்படும் பூச்சு நீர் புகாத சுவர் என்று பலரும் நினைக்கிறார்கள். துத்தநாகம் நிறைந்த பிரைமர் எனும் அடிப்பூச்சு, எபாக்ஸி இடைப்பூச்சு, பாலியூரித்தேன் மேல்பூச்சு என்று மூன்று அடுக்காக அடித்தாலும் மொத்தக் கனம் ஏறத்தாழ 300 மைக்ரான்தான். நான்கைந்து தலைமுடிகளை அடுக்கிய கனம். அதன் வழியே நீர்மூலக்கூறுகளும் ஆக்சிஜனும் மெல்ல ஊடுருவிக்கொண்டேதான் இருக்கும். உப்பின் அயனிகள் இரும்பைச் சென்றடைவதையும், துருப்பிடித்தலுக்குத் தேவையான மின்னோட்டம் ஓடுவதையும் தடுப்பதுதான் பூச்சின் முதன்மையான வேலை. கடலோரத்தில் இந்த வேலை கடினமானது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். மழை இல்லாத நாளிலும் கடலோர இரும்பு நனைந்தே இருப்பது இதனால்தான்.

பூச்சுக்குள் நீர் புகுவதற்கும், நம் கண்ணில் கொப்புளமோ துருக்கறையோ படுவதற்கும் இடையில் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூடக் கடந்துவிடுகின்றன. அந்த இடைக்காலத்தை நமக்குத் திறந்து காட்டுவதுதான் பூச்சுக்குள் பதிக்கப்படும் சென்சார். அதன் அடிப்படை எளிமையானது. பூச்சடுக்குகளுக்கு இடையே மெல்லிய உலோகத்தாளால் ஆன மின்வாய் (எலக்ட்ரோடு) ஒன்றை வைத்து, அதற்கும் இரும்புக்கும் இடையே சில மில்லிவோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தத்தைக் கொடுத்து, பல அதிர்வெண்களில் மின் எதிர்ப்பை அளக்கிறோம். மின்னூட்டத்தைச் சேமிக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் எண்ணான மின்கடவாப்பொருள் மாறிலி, எபாக்ஸியைவிட நீருக்கு ஏறத்தாழ 20 மடங்கு அதிகம் என்பதால், பூச்சு சிறிது நீரை உறிஞ்சினாலே அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன், உயர்ந்துவிடும். இது முதல் அறிகுறி. அடுத்து, உப்புநீர் நுண்துளைகள் வழியே இரும்பை எட்டும்போது, தாழ்ந்த அதிர்வெண்ணில் அளக்கப்படும் மின் எதிர்ப்பு சரியத் தொடங்கும். 0.1 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி ஓம் அல்லது அதற்கு மேல் காட்டும் பூச்சு நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். 10 இலட்சம் ஓமுக்குக் கீழே இறங்கினால் அது பெயரளவுக்குத்தான் பூச்சு. ஆயிரம் மடங்கு சரிவு இது. இவ்வளவு பெரிய சரிவு நடந்து முடிந்த பிறகும் வெளிப்பரப்பு பளபளவென்று இருக்கக்கூடும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தவறுகின்றன. ஒரு சென்சார் தன்னைச் சுற்றியுள்ள உள்ளங்கை அளவு பரப்பை மட்டுமே அறியும். ஒட்டுவதற்கு எளிது என்பதற்காக, தகட்டின் நடுவே சமமான இடத்தில் அதைப் பதித்துவிட்டு, கட்டுமானம் முழுவதையும் கண்காணிப்பதாக அறிக்கை எழுதுகிறார்கள். பூச்சோ அங்கே கடைசியாகத்தான் கெடும். ஈரமான பெயிண்ட், பரப்பு இழுவிசையால் கூர்மையான விளிம்புகளிலிருந்து விலகிப் போவதால், அங்கே கனம் குறைந்துவிடும். இதற்காகத்தான் விளிம்புகளுக்கும் வெல்டிங் தையல்களுக்கும் பிரஷால் தனியாக ஒரு கை அடிக்கச் சொல்கிறோம். போல்ட் தலைகள், நீர் தேங்கும் மூலைகள், காற்று நேராக உப்பை வீசும் முகம், மழை கழுவாத அடிப்பக்கம் ஆகியவைதான் சென்சாருக்கு உரிய இடங்கள். அதைவிட முக்கியமாக, சென்சாரே பூச்சின் குறையாகிவிடக் கூடாது. அதன் ஓரங்களில் காற்றுக்குமிழி சிக்கினாலோ, கம்பி வெளியே வரும் இடம் சரியாக அடைக்கப்படாவிட்டாலோ, நீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கும். துத்தநாகப் பிரைமர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்வாயை நேரடியாக அதன் மேல் வைக்காமல், இடைப்பூச்சின் முதல் கை காய்ந்த பிறகே வைக்க வேண்டும். ஆகவே பெயிண்டர்களை முதல் நாளிலேயே உட்காரவைத்து இவற்றை விளக்காமல் வேலையைத் தொடங்க நான் சம்மதிப்பதில்லை.

அளவீட்டைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். வெயிலில் இரும்பு சூடாகும்போது பூச்சின் மின் எதிர்ப்பு இயல்பாகவே குறையும். மேற்பரப்பில் பனிநீர் படிந்திருந்தாலும் எண் சரியும். அளவீட்டுடன் வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவாகாவிட்டால், அந்த எண்ணை நம்பிச் செலவு செய்யவும் முடியாது, நம்பாமல் விடவும் முடியாது.

பாம்பனை நினைத்துப் பார்க்கலாம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், உப்புக்காற்றோடு நூறாண்டுக்கும் மேல் போராடியது; ஓயாமல் பெயிண்ட் அடிப்பதே அதன் பராமரிப்பின் பெரும்பகுதி. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. நல்ல தேர்வுகள். ஆனால் பாலங்களில் சென்சார் என்றாலே அதிர்வையும் தகைவையும் (சுமையால் இரும்புக்குள் எழும் விசையை) அளப்பவற்றைத்தான் பொதுவாக நினைக்கிறோம். அவை இரும்பு எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும். இரும்பைக் காக்கும் பூச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது நம் டெண்டர் ஆவணங்களில் இன்றும் தொடரும் குழப்பம்.

கடலோரத்தில் இப்போது நான் மேற்பார்வையிடும் தளம் ஒன்றில், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரேயொரு சென்சாரின் எண் மட்டும் வாரந்தோறும் இறங்கிக்கொண்டே வந்தது. வெப்பநிலையைச் சரிசெய்து பார்த்தும் சரிவு மாறவில்லை. சாரம் கட்டி ஏறிப் பார்த்தோம். வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பூச்சின் துளை வழியே மின்சாரம் இரும்பை எட்டினால் ஒலிக்கும் கருவியின் ஈரப் பஞ்சு கொண்டு நுண்துளைச் சோதனை செய்தபோது, சென்சாருக்கு அருகில் வெல்டிங் ஓரமாக ஓரிடத்தில் கருவி ஒலித்தது. கைக்குட்டை அளவு பரப்பைச் சுரண்டித் தேய்த்து, உப்பைக் கழுவி, உலர்ந்த பின் மூன்று கை பூச்சையும் மீண்டும் அடித்தோம். அடியிலிருந்த இரும்பில் குழி இல்லை. பிரைமரின் சாம்பல் நிறம்கூட அப்படியே இருந்தது.