பாட் வைத்து மூலிகை பறிக்கும் முன்

திருடுபோன இணையக் கணக்குகளை மீட்பதும், திருட்டு எந்த வழியாக நடந்தது என்று தேடுவதும் என் தொழில். மெயில், வங்கி என்று வருபவர்களுக்கு நடுவே அவ்வப்போது விளையாட்டுக் கணக்கைப் பறிகொடுத்தவர்களும் வருவார்கள். ‘வெறும் கேம்தான் சார்’ என்று கூச்சத்தோடுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அப்படி வந்த ஒருவர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுபவர். அதில் மூலிகை பறிப்பதும் தாது வெட்டுவதும் அவருடைய தொழில்கள். வாரக்கணக்கில் பறித்தும் கோல்டு (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) சேரவில்லை என்று, தானாகப் பறந்து தானாகப் பறிக்கும் ஒரு பாட்டை (bot, நமக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரல்) எங்கிருந்தோ இறக்கி ஓட்டியிருக்கிறார். அது கடவுச்சொல்லையும் சேர்த்துப் பறித்துக்கொண்டது. மெயிலுக்கும் அதே கடவுச்சொல்தான். கணக்கை மீட்டுத் திறந்தபோது பையில் கொஞ்சம் செம்புத் தாது மட்டும் மிச்சம் இருந்தது. திருடனுக்கே அதைச் சுமக்க மனம் வரவில்லை போல.

நானும் அதே விளையாட்டில் மூலிகை பறிப்பவன். அதனால், பறித்ததை எப்படி விற்றீர்கள் என்று கேட்டேன். கணக்கு போனதற்குக் காரணம் கணக்குப் போடாததுதான் என்று அப்போது புரிந்தது.

அவர் மூலிகையை அப்படியே விற்கவில்லை. அதில் மருந்துக் குப்பி செய்து விற்றார். ‘நானே பறித்ததுதானே, அசல் செலவே கிடையாது’ என்றார். இந்தத் தொழிலில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. உதாரணத்துக்கு, ஒரு மூலிகை 10 கோல்டு, ஒரு குப்பிக்கு 8 மூலிகை, குப்பியின் விலை 70 கோல்டு என்று வைத்துக்கொள்வோம். குப்பியை விற்றால் ஏலக் கூடம் (விளையாட்டுக்குள் இருக்கும் சந்தை) எடுத்துக்கொள்ளும் 5 சதவீதம் போக 66.5 கோல்டு வரும். அந்த 8 மூலிகையை அப்படியே விற்றிருந்தால், அதே கழிவு போக 76. உட்கார்ந்து குப்பி செய்ததற்கு ஒவ்வொன்றுக்கும் 9.5 கோல்டு கைநஷ்டம்! நாமே பறித்த மூலிகைக்கும் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அதற்கு மேல் கிடைத்தால்தான் குப்பி செய்வதில் அர்த்தம்.

அடுத்தது, விற்கும் நாள். வார இறுதியில் பறிப்பவர்கள் கூட்டம் அதிகம், அதனால் பெரும்பாலும் விலை இறங்கும். ரெய்டுகள் (பலர் கூட்டாகச் சேர்ந்து ஆடும் பெரிய சண்டைகள்) வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் திறக்கும்; அமெரிக்க சர்வர்களில் செவ்வாய், ஐரோப்பாவில் புதன். அதையொட்டிக் குப்பி தேவைப்படும்போது மூலிகைக்கும் கிராக்கி வரும். மனிதர் ஞாயிறு இரவே மொத்தத்தையும் கொட்டிவிடுவாராம். விலை போகாமல் திரும்பி வந்தால், விற்பனைக்கு வைக்கக் கட்டிய முன்பணமும் போகும். 2022 முதல் மூலிகை, தாது போன்ற சரக்குகளுக்கு ஒரு பிராந்தியம் முழுக்க ஒரே சந்தை. உங்கள் சர்வரில் ஆள் குறைவு, அதனால் நல்ல விலை என்ற பழைய சௌகரியம் இப்போது இல்லை.

(ட்ரூயிட் என்ற உருமாறும் பாத்திரமாக ஆடுபவர்களுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு: பறவை உருவத்தைக் கலைக்காமலே மூலிகை பறிக்கலாம். ஒவ்வொரு செடிக்கும் மிச்சமாகும் நொடிகள் ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்.)

சரி, பாட் விஷயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டின் ஆட்ஆன் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) என்பது லூவா மொழியில் எழுதிய சிறு கோப்புகள்தான். அதற்கான ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஆட்ஆன் என்று சொல்லி ஒரு இஎக்ஸ்இ (.exe) கோப்பை, அதாவது கணினியில் நேரடியாக ஓடும் நிரலை, ஓட்டச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்றால் சந்தேகப்படக்கூடத் தேவையில்லை, திருட்டேதான். நிஜமாகவே வேலை செய்கிற பாட்டாக இருந்தாலும் பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். கிளைடர் என்று பெயர்பெற்ற பாட் ஒன்று இருந்தது. வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனத்துடனான வழக்கில் தோற்று 2009-இல் மூடப்பட்டது.

சேர்த்த கோல்டை வெளியே நிஜப் பணத்துக்கு விற்கலாமே என்பார்கள். விதிப்படி அதற்கு அனுமதி இல்லை. அது மட்டுமல்ல, அந்தச் சந்தையில் புழங்கும் கோல்டில் திருட்டுக் கணக்கிலிருந்து வழித்தெடுத்ததும் உண்டு. ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டில் கோல்டு வியாபாரிகள் திருட்டு கார்டுகளில் சந்தா கட்டியதால், அதை நடத்தும் நிறுவனம் 2008 தொடக்கத்தில் வீரர்களுக்கிடையேயான தடையற்ற கொடுக்கல் வாங்கலையே நிறுத்தியது. அது திரும்ப வந்தது 2011-இல்தான். வார்கிராஃப்டில் நேர்வழி ஒன்று 2015 முதல் இருக்கிறது: கோல்டு கொடுத்து டோக்கன் வாங்கினால் 30 நாள் ஆட்ட நேரம் கிடைக்கும். ரொக்கமாகக் கையில் வராது, ஆனால் மாதச் சந்தா மிச்சம். என் பார்வையில் பறிப்பவருக்கு அதுவே நல்ல கூலி.

ஏற்கெனவே பாட்டை ஓட்டிவிட்டவர்கள் அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். புதிதாக அடிப்பதும் திருடனுக்குத்தான் போய்ச் சேரும். வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மெயிலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை. இரண்டிலும் அத்தென்டிகேட்டரை (கடவுச்சொல்லோடு இரண்டாவது உறுதிப்படுத்தலும் கேட்கும் செயலி) போடுங்கள். அந்தக் கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும்வரை அதில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.