50:1 என்றால் 50 மில்லி இல்லை!

மழையும் காற்றும் தொடங்கிவிட்டால் மரம் அறுக்கும் செயின் சா மெஷின்கள் பட்டறைக்கு வரிசையாக வர ஆரம்பித்துவிடும். கொண்டுவருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கயிறு இழுக்க வரமாட்டேங்குது." சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் கோடு கோடாகக் கீறிக் கிடக்கிறது. அலுமினியம் இழுபட்டு, சிலிண்டரின் உட்சுவரான 'போரில்' அப்பியிருக்கிறது. மெஷின் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சரியாகவே இருக்கும். தவறு பெட்ரோல் கேனில், அதில் கலக்கும் ஆயில் அளவில் இருக்கிறது. இந்த வாரமும் இதே காரணத்துக்காக ஒரு பிஸ்டன் மேசைக்கு வந்திருக்கிறது. தடுக்கவே முடியாத பழுது என்றால் பரவாயில்லை. 20 மில்லி ஆயிலில் தடுக்கக்கூடியதற்கு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இந்த மெஷின்களில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் தனியாக ஆயில் சேம்பர் கிடையாது. பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு பேரிங், கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும் மசகு பெட்ரோலோடு கலந்து வரும் அந்தக் கொஞ்சம் ஆயில் மட்டுமே. அது இல்லையென்றால் இன்ஜின் இல்லை.

முதலில் கணக்கு. மெஷின் மூடியிலோ கையேட்டிலோ 50:1 என்று போட்டிருந்தால், 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. எண் பெரிதாகப் பெரிதாக ஆயில் குறையும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். '50:1' என்பதைப் பார்த்து லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுகிறார்கள். அது 20:1 ஆகிவிடுகிறது. இதைவிட ஆபத்து, '25:1' என்று போட்டிருக்கும் சாதாரண பிரஷ் கட்டருக்கு 25 மில்லி ஊற்றுவது. அது 40:1. தேவையானதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆயில் போகிறது. வெயிலில் தொடர்ந்து புல் வெட்டினால் மெஷின் பிடித்துக்கொள்ளலாம், அதாவது பிஸ்டன் போரில் இறுகி நின்றுவிடலாம்.

சில கம்பெனிகள் தங்களுடைய ஆயிலுக்கு 50:1 என்றும், வெளியில் வாங்கும் சாதாரண டூ-டி ஆயிலுக்கு 25:1 என்றும் ஒரே கையேட்டில் இரண்டு அளவு எழுதியிருக்கும். கையேட்டை முழுக்கப் படியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லும் அளவு அவருடைய மெஷினுக்கானது.

இனி, என்னை மிகவும் கோபப்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். "கொஞ்சம் கூடவே ஊத்திட்டேங்க, இன்ஜினுக்கு நல்லதுதானே?" இல்லை. நல்லதே இல்லை. டிவிஎஸ் 50-யும் பழைய சேத்தக்கும் ஓட்டிய காலத்துப் பழக்கம் இது. பின்னால் புகை தெரிந்தால்தான் ஆயில் ஏறுகிறது என்று அப்போது நம்பினார்கள். அந்த வண்டிகள் 5,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடியவை. செயின் சா லோடு இல்லாமல் நிமிடத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று போகிறது. இரண்டும் ஒன்றில்லை.

ஆயில் கூடினால் என்ன நடக்கும்? கார்புரேட்டர் ஜெட் வழியாகப் போவது ஒரு குறிப்பிட்ட அளவு திரவம்தான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். கலவை கெட்டியாவதால் ஓட்டமும் மந்தமாகும். காற்றுக்குத் தேவையான பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் 'லீன்' ஆக ஓடும். லீன் என்றால் சூடு. அதாவது, சூட்டிலிருந்து காப்பாற்றத்தான் கூட ஊற்றினீர்கள், அதுவே சூட்டைக் கூட்டுகிறது. இது முதல் பாதி. எரியாத ஆயில் கரியாகி எக்ஸாஸ்ட் துவாரத்தில் படிகிறது, சைலன்சர் உள்ளே இருக்கும் சின்னக் கம்பி வலையை அடைக்கிறது. மெஷின் இழுக்காது. உடனே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். வலையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் ஸ்க்ரூவைத் திருகி இன்னொரு பழுதைச் சேர்க்கிறார்கள். ரிங் பள்ளத்தில் கரி ஏறினால் ரிங் ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஷன் கசியும், எரிந்த சூடான வாயு பிஸ்டன் பக்கவாட்டில் இறங்கும். கடைசியில் ஒரு கரித்துண்டு பெயர்ந்து பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் மாட்டினால், ஆயிலே ஊற்றாத மெஷினில் வருகிற அதே கீறல் இங்கேயும் வரும். சைலன்சர் மூட்டில் கறுப்பாகத் தார் போல ஒழுகுகிறதா? பெரும்பாலும் உங்கள் மெஷின் அதிக ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். கையேடு 40 மில்லி கேட்டால் 40 ஊற்றுங்கள், 20 கேட்டால் 20. நல்லெண்ணத்தில் கூட்டாதீர்கள்.

எந்த ஆயில் என்பதிலும் இதே அலட்சியம். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலை ஊற்றுகிறார்கள். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் சேர்த்திருக்கும் உலோக உப்புகள் எரிந்தால் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். பெட்ரோலில் ஒழுங்காகக் கரையவும் செய்யாது. டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கலப்பவர்களும் உண்டு. உலோகத்தூள் மிதக்கும் அந்த ஆயிலை இன்ஜினுக்குள் விடலாமா? கடற்கரை ஊர்களில் படகு இன்ஜினுக்கு வாங்கி வைத்த டிசி-டபிள்யூ3 ஆயில் சுலபமாகக் கிடைக்கிறது. அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது. காற்றில் குளிரும் செயின் சாவின் சூட்டுக்கு அது தாங்காது. டப்பாவில் 'ஏபிஐ டிசி' அல்லது 'ஜாசோ எஃப்சி', 'ஜாசோ எஃப்டி' என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஃப்டி இருந்தால் கரி குறைவு.

கலப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஆயிலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பெட்ரோல் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊறிப்போகும். பாட்டில் மூடியில் அளக்கும் வேலையை இன்றோடு விடுங்கள், ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு அளவு. பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். 5 லிட்டருக்கு 50:1 என்றால் 100 மில்லி, 25:1 என்றால் 200 மில்லி. மெஷின் டேங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியாக ஊற்றி மெஷினை ஆட்டிவிட்டு ஸ்டார்ட் செய்கிறார்கள். ஆயில் அடியில் தங்கும், டேங்க் ஃபில்டரும் அடியில்தான் கிடக்கும். முதலில் வெறும் ஆயில் ஏறி பிளக் நனையும், பிறகு வெறும் பெட்ரோல் ஏறி பிஸ்டன் பிடிக்கும். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கேனைக் குலுக்குங்கள். கேனில் மார்க்கரால் கலந்த தேதியும் அளவும் எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். கலந்த பெட்ரோல் நீலமாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், குழந்தை குளிர்பானம் என்று நினைத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இப்போது எத்தனால். 2025-லிருந்து பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். செயின் சா, பிரஷ் கட்டர் கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் கூடினால் இன்ஜின் லீன் ஆகும், கார்புரேட்டர் டயாஃப்ரமும் பெட்ரோல் குழாயும் சீக்கிரம் விறைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனிப்படலமாக அடியில் இறங்கிவிடும், ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். ஃபில்டர் அடியிலிருந்து உறிஞ்சுவது ஆயில் இல்லாத படலத்தை. சரியாக அளந்து கலந்தவருடைய மெஷினும் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் போன்ற ஈரமான மலைப்பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு பிரிந்தால் அந்தக் கேனைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து கொள்ளுங்கள். சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு எடுத்து வையுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் உங்கள் ஊர் பங்க்கில் கிடைத்தால் இந்த மெஷின்களுக்கு அதையே வாங்குங்கள். கார்புரேட்டரில் அதிவேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் 'எச்' ஸ்க்ரூவை நீங்களே திருக வேண்டாம், சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

பிரஷ் கட்டர் எல்லாமே டூ-ஸ்ட்ரோக் என்று நினைப்பதும் தவறு. 35 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் மாடல்கள் நிறைய விற்கின்றன. அவற்றுக்கு வெறும் பெட்ரோல், தனி ஆயில் சேம்பரில் சுமார் 100 மில்லி 10டபிள்யூ-30. இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் கேன்களின் நிறமே வேறாக இருக்கட்டும்.

செயின் சாவில் இரண்டு மூடி உண்டு. செயின் ஆயில் மூடியில் ஊற்றுவது செயின் சுற்றி ஓடும் தகடான 'பாருக்கும்' செயினுக்கும் மட்டும், இன்ஜினுக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் போகாது. பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். நிறைய மீதி இருந்தால் ஆயில் துவாரம் அடைத்திருக்கலாம், பாரைக் கழற்றிப் பாருங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது.

மெஷினை இரவல் கொடுப்பவர்களுக்கும் கூலியாள் கையில் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெஷினோடு கலந்த பெட்ரோல் கேனையும் கொடுத்தனுப்புங்கள். 2018-இல் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் தென்னைகள் சாய்ந்து கிடந்தது போன்ற நேரங்களில் ஒரே மெஷின் பத்துக் கை மாறும். யார் எதை ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தெரியாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டிவிட்டீர்களா? ஞாபகம் வந்த நொடியே அணையுங்கள். மேலே ஆயில் ஊற்றி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், கயிற்றைப் பலமாக இழுக்காதீர்கள். முழுக்க ஆறியபின் சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் டேங்க், குழாய், கார்புரேட்டர் மூன்றையும் வடித்துவிட்டுச் சரியான கலவையில் ஓட்டலாம். கீறல் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். போர் தப்பித்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும்.